கௌரி என்று தேடியபோது

அப்பா இறந்து ஒன்றரை வருடம் கழித்து அலமாரியை ஒழித்தபோது ஒரு சி.டி. கிடைத்தது. அதன் மேல் நீல மார்க்கரில் 'சார் ஃபைனல் 4' என்று எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து இல்லை. பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது, அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த அக்காவின் கையெழுத்து.

2007-இல் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பா ஆறு மாதம் உட்கார்ந்து தன் சின்ன வயதைப் பற்றி எழுதினார். நான்கு நோட்டுகள். தினமும் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு டி.டி.பி. சென்டருக்குப் போய், அந்த அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிழை திருத்துவார். நான் அப்போது ப்ளஸ் டூ. எனக்கு அதில் எந்த அக்கறையும் இல்லை. புத்தகமாகப் போடுவதாகச் சொன்னார், போடவில்லை. பிரிண்ட் எடுத்த ஒரே பிரதியை யாரோ வாசிக்க வாங்கிப் போய்த் திருப்பித் தரவே இல்லை. நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இந்த சி.டி.தான்.

தஞ்சாவூரில் இருக்கும் அத்தையிடம் போனில் சொன்னேன். அப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதை எனக்குப் படிக்கக் குடுக்க முடியுமா தம்பி? போன்லயே அனுப்பிடு, பேரன் எழுத்தைப் பெருசாக்கிக் குடுப்பான்" என்றார்.

"அஞ்சு நிமிஷ வேலை அத்தை" என்றேன். பன்னிரண்டு வருடமாக மென்பொருள் வேலை பார்ப்பவன் சொல்கிற பதில்தான் அது. மூன்று வாரம் ஆனது.

*

முதலில் சி.டி.யைப் போடுவதற்கு இடமில்லை. இப்போது வரும் லேப்டாப் எதிலும் அந்தத் தட்டு கிடையாது. அலுவலக நண்பர் ஒருவரிடம் யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் வாங்கி வந்தேன். இரண்டு தடவை கரகரவென்று சுற்றி நின்று, மூன்றாவது தடவை கோப்பு தெரிந்தது. ஒரே ஒரு வேர்டு ஃபைல். என்னுடையது உபுண்டு. லிப்ரே ஆபிஸில் திறந்தேன். திறந்துகொண்டது, 84 பக்கம்.

84 பக்கமும் ஆங்கில எழுத்துகள். அவற்றுக்கு நடுவே அரைப்புள்ளிகள், டாலர் குறிகள், அடைப்புக்குறிகள். பூனை கீபோர்டில் நடந்தால் வருவது போல.

கோப்பு கெட்டுவிட்டதென்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்க்கும் கருவியில் திறந்தேன். பழைய வேர்டு கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகளைப் பதினாறடிமான எண்களில் எழுதினால் டி, 0, சி, எஃப், 1, 1, ஈ, 0 என்று வரும். சைபரை ஓவாகவும், ஒன்றுகளை ஐயாகவும் எல்லாகவும் வைத்துப் படித்தால் 'டாக்ஃபைல்' என்று ஒலிக்கும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் யாரோ விளையாட்டாகப் பொறித்த முத்திரை. இந்த அமைப்பின் விவரங்களை 2008-இல் அவர்களே பொதுவில் வெளியிட்டார்கள். ஆகவே லினக்ஸ் மென்பொருள்களுக்கு இது புதிரே இல்லை. என் கோப்பில் முத்திரை பத்திரமாக இருந்தது. பத்திகள், தலைப்புகள், பக்க எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு பைட்டும் சேதமில்லை. வாசிக்கத்தான் முடியவில்லை.

எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 'பாமினி' என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. லிப்ரே ஆபிஸில் பெயர் சாய்ந்திருந்தால் அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை என்று அர்த்தம்.

*

இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாக இருக்கும். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கோப்புக்குள் எழுத்துகள் கிடையாது, எண்கள்தான். எந்த எண் எந்த எழுத்து என்பது கோப்புக்கு வெளியே இருக்கும் ஓர் ஒப்பந்தம். 106 என்றால் ஆங்கில 'ஜே' என்பது பழைய ஒப்பந்தம். தமிழுக்கும் இடம் கொடுத்து ஒரு பொது ஒப்பந்தம், யூனிகோட், 1991-லேயே வந்துவிட்டது. ஆனால் ஏட்டில் இருந்தால் போதுமா? விண்டோஸில் அது 2000-இல்தான் வந்தது. அதற்கும் பிறகு வெகுகாலம் நம் ஊர் அச்சுக்கூடங்களில் கோலோச்சிய பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அதுவரை காத்திருக்குமா?

அதனால் நம்மவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். 106 என்ற எண்ணைத் தொடவேண்டாம். கணினி அதை ஜே என்றே நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் எழுத்துருக் கோப்பில் ஜேயின் படம் இருக்கவேண்டிய இடத்தில் 'த'வின் படத்தை வைத்துவிடு. பாமினி செய்வது இதைத்தான். 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. 'கூ' என்பது டாலர். 'இ' என்பது ஆங்கிலக் காற்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ். வேடத்தைக் கலைத்தால் உள்ளே ஆங்கில எழுத்துகள்.

ஒரு வேடமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆளாளுக்கு ஒரு வேடம். ஒன்றில் ஜே 'த' என்றால் இன்னொன்றில் வேறு எதுவோ. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, அதன் தொடர்ச்சியாக டாம், டாப் என்ற இரண்டு தரங்களைத் தமிழக அரசு அறிவித்தது. 2010-இல் அரசு யூனிகோடை ஏற்றது. நடுவில் இருந்த அத்தனை வருடங்களில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் அடிக்கப்பட்ட கோப்புகள் எந்தெந்த வேடத்தில் எந்தெந்த சி.டி.க்குள் கிடக்கின்றனவோ.

பாமினியைத் தேடி எடுத்து நிறுவினேன். கோப்பை மறுபடி திறந்தேன். பூனை நடந்த தடமெல்லாம் ஒரே நொடியில் அப்பாவின் வாக்கியங்களாக எழுந்து நின்றன. அலுவலகத்தில் எத்தனையோ பெரிய வேலைகளை முடித்திருக்கிறேன், அந்த நொடியின் சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.

ஆனால் அதை அப்படியே அத்தையின் போனுக்கு அனுப்ப முடியாது. அங்கே பாமினி இல்லை, மறுபடி பூனைதான். படமாக அனுப்பலாம். ஆனால் படத்தில் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது. முறையாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

*

இணையத்தில் மாற்றிகள் நிறைய உண்டு. 84 பக்கத்தையும் அள்ளி ஒன்றில் போட்டேன். தமிழ் வந்தது, கூடவே வினோதங்களும். அப்பா படித்த பள்ளியின் பெயரில் 'ஸ்கூல்' என்ற சொல்லை அந்த அக்கா ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருந்தார். அள்ளி ஒட்டியதில் எது எந்த எழுத்துரு என்ற தகவல் தொலைந்துபோக, மாற்றி அதையும் பாமினி என்றே நம்பி 'ளஉாழழட' என்று எழுதிவைத்தது. ஆங்கில முகவரிகளில் காற்புள்ளி வந்த இடமெல்லாம் 'இ' முளைத்திருந்தது.

சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்று பைத்தானில் ஆரம்பித்தேன். கோப்பைப் புதிய வடிவத்தில் சேமித்தால் உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் இருக்கும். பாமினி என்று இருக்கும் துண்டை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. 'ளஉாழழட' மறுபடி ஸ்கூல் ஆனது.

அடுத்த சிக்கல் வரிசை. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் 'கொ' அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாக என்ன தெரிகிறதோ அந்த வரிசை. பாமினியும் அதே வழி. யூனிகோட் ஒலியின் வழி போகிறது: முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. ஆகவே கொம்பைக் கண்டால் கையில் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த மெய் வந்ததும் அதன் பின்னால் நட வேண்டும். ஒரு சாயங்கால வேலை.

அதற்கப்புறம்தான் 'ள' வந்தது.

பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை. 'கௌ' என்றால் கொம்பு, க, ள. அந்த ள சாதாரண ளகரமேதான், அதே விசை. கண்ணுக்குத்தானே, போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் யூனிகோடில் ளகரத்தின் எண் 2995. ஔகாரக் குறி 3020. அந்தக் குறியின் வலது பாதிக்கு மட்டும் தனியாக 3031 என்று ஓர் எண். பார்த்தால் மூன்றிலும் அதே ள வடிவம். கணினிக்கு மூன்றும் மூன்று ஆட்கள்.

நான் முதலில் எழுதிய விதி: கொம்பு, மெய், ள என்று வந்தால் ஔகாரம். ஓட்டினேன். 'வெள்ளம்' என்று வரவேண்டிய இடமெல்லாம் வௌவுக்குப் பின்னால் ஒரு புள்ளி பிடிப்பில்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்கியது. 'வெளியே' போன இடமெல்லாம் அதே கதை. காவிரிக் கடைமடைக்காரர் எழுதியதில் வெள்ளத்துக்குக் குறைச்சலா? பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள். விதியைத் திருப்பிப் போட்டேன்: ளகரம் எப்போதும் ளகரமே. வட்டங்கள் எல்லாம் மறைந்தன. பக்கங்களை வேகமாக உருட்டிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை. பளிச்சென்று தமிழ்.

முடிந்தது என்று அத்தைக்குப் போன் செய்தேன்.

*

"வந்துருச்சா?" என்றார். வந்துவிட்டது, பேரன் போனுக்கு அனுப்புகிறேன் என்றேன். உடனே வைக்கவில்லை. ஏதோ கேட்க நினைப்பது தெரிந்தது.

"ஏந்தம்பி, அதுல என்னைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா?"

லேப்டாப் எதிரிலேயே இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'கௌரி' என்று அடித்தேன். ஒன்றும் இல்லை. சரியாக அடித்தோமா என்று இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால், பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க பேரு எங்கயும் வரல அத்தை. தேடிப் பாத்துட்டேன்."

"சரி விடு. அவனுக்கு எழுத வேற எவ்வளவோ இருந்திருக்கும்" என்றார். கோபமோ வருத்தமோ குரலில் இல்லை. பேரனுக்குப் பரீட்சை என்றும் அதனால் கோப்பைப் பிறகு அனுப்பினால் போதும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் நாலு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று வாரமாக ரெண்டு நாளுக்கு ஒரு தடவை போன் செய்து கேட்டவர், இப்போது பிறகு போதும் என்கிறார்.

ஐந்தாம் நாள் ராத்திரி கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த மூன்று வாரத்தில் இந்தக் கோப்பை நூறு தடவையாவது திறந்திருப்பேன். வட்டங்களைத் தேடினேன், 'இ'க்களைத் தேடினேன், கொம்புகளை எண்ணினேன். ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோதும் வாசிக்கவில்லை.

ஒன்பதாம் பக்கம் இரண்டாவது பத்தி இப்படித் தொடங்கியது: கௌரி அக்கா.

கண்ணால் பார்க்கிறேன், பெயர் இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. திரையில் இருந்த பெயரையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். 41 இடங்கள்.

பெயரின் முன்னால் கர்சரை வைத்து அம்புக்குறியைத் தட்டினேன். நான் அடித்த 'கௌ'வில் ஒரு தட்டில் தாண்டிவிடும். இதில் இரண்டு தட்டு தேவைப்பட்டது. கெ, ள. என் விதி. வெள்ளத்தைக் காப்பாற்ற நான் எழுதிய விதி கௌரியைக் கெளரி ஆக்கியிருந்தது. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. முதல் விதி செய்த தப்பு வட்டம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது விதியின் தப்பு ஓசையே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மௌனம் என்று தேடினேன். அதுவும் இல்லை. பௌர்ணமி இல்லை. சௌக்கியம் இல்லை.

தீர்வு சுலபம். தமிழில் ஔகாரம் வரும் சொற்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கௌரி, கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌக்கியம், வௌவால் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றுக்கு மட்டும் ஔகாரம், மற்றதெல்லாம் ளகரம் என்றேன். பத்து நிமிடம். ஆனால் கொம்பு, க, ள, ர, இகரம் என்ற விசைகளில் எது கௌரி என்பதை எந்த விதியாலும் சொல்ல முடியாது. கௌரி என்று ஒருத்தி இருந்தாள் என்பது தெரிந்த ஆள்தான் பட்டியலில் அந்தப் பெயரை எழுத முடியும். அந்த டி.டி.பி. அக்காவுக்கு அது தெரிந்திருந்தது, பக்கத்தில் ஸ்டூலில் அப்பா இருந்தார். எனக்கும் தெரியும். நான்தான் வாசிக்கவில்லை.

*

ஒன்பதாம் பக்கத்தில் அப்பா எழுதியிருந்தது இது. ஆறாம் வகுப்புக்கு அவரை டவுன் பள்ளியில் சேர்த்தார்கள். ரெண்டு பேரைப் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை, அக்காவை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் அக்காதான் புது ஆற்றங்கரை வழியே நடந்துவந்து பித்தளைத் தூக்கில் புளிச்சோறு கொடுத்துவிட்டுப் போவாள். ஒருநாள் வகுப்புப் பையன்கள் அது யாருடா என்று கேட்டார்கள். கிழிசல் பாவாடை, கால் முழுக்கப் புழுதி. எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நாற்பத்தைந்து வருடமாக நினைப்பதாகவும், வாய் வரவில்லை என்றும், புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவளிடம் கொடுத்துவிட்டால் அவளே படித்துக்கொள்வாள் என்றும் எழுதியிருந்தார்.

பெயர் வரவில்லை என்று நான் போனில் சொன்னது இந்த அத்தையிடம்தான்.

மறுநாள் எல்லாவற்றையும் மூன்று இடத்தில் சேமித்தேன். பழைய வேர்டு கோப்பைத் தூக்கிப்போடவில்லை. பாமினி எழுத்துருவையும் அதே அடைவில் வைத்தேன். யூனிகோட் பிரதியை எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒன்று வைத்தேன். எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து உறையில் போட்டேன். நாளைக்கு யூனிகோடுக்கும் இதே கதி வந்தால் யாராவது இதை வைத்துத் தொடங்கட்டும். பிறகு முழுவதையும் பெரிய எழுத்தில் தாளில் எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

தப்பு என் மேல்தான் என்று அத்தையிடம் சொன்னேன். கொம்பு, ளகரம் எல்லாம் விளக்கப் பார்த்தேன். "அதெல்லாம் எனக்கெதுக்கு, குடு" என்று வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்து, முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தார். ஒன்பதாம் பக்கத்துக்குப் போகட்டும் என்று நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார். தாள் மடியில் இருந்தது.

"எனக்குத் தெரியுண்டா. அன்னிக்கி ஜன்னலுக்கு வெளியதான் நின்னுகிட்டு இருந்தேன். அவன் சொன்னது காதுல விழுந்துச்சு."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"ஆனா பாரு, புளிச்சோறுன்னு எழுதியிருக்கான். அன்னிக்கிப் பழைய சோறு. வீட்ல புளி வாங்கக்கூட காசில்ல. மத்த புள்ளைங்க முன்னாடி அதைத் தொறக்கணுமேன்னுதான் அவனுக்கு வெக்கம். என்னைப் பாத்து இல்ல."

"மாத்திடவா அத்தை?"

"எதுக்கு? அவன் எழுதினபடியே இருக்கட்டும்" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.